தோற்றமா, தொனியா?

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஹெவி மெட்டல் என்றதும் முகம் சுளிப்போர் நம் கல்லூரியில் பலர் உளர். “தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் இருக்கிறதே, இதுவும் ஓர் இசையா?” என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். அவருக்கு மறுமொழி கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அந்த ஆலங்கட்டி மழைக்கு அடியில், கேட்டும் கேளாமலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவி உண்டு. பெரும்பாலும் நான்கே கம்பிகள் கொண்ட பேஸ் கிட்டார் அது. புகழ்பெற்ற ஹெவி மெட்டல் குழு ஒன்றின் பாடல்களை மேடையேற்ற விரும்புவோர் எத்தகைய பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இம்மலரில் இடம் கேட்டேன்.

பேஸ் கிட்டார் நமக்கு முற்றிலும் புதியதன்று. இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, பாடகரின் குரலுக்குக் கீழே தனக்கென ஒரு வழியில் நடந்துசெல்லும் அந்த நாதம் பழக்கமானதே. பெயர் தெரியாமல் கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

நாங்கள் ஐவர் இவ்வாண்டு ஒரு ‘டிரிப்யூட்’ குழு அமைக்க முனைந்திருக்கிறோம். நம்மூர் மெல்லிசைக் குழுக்கள் பலருடைய பாடல்களையும் கலந்து வழங்குவதுபோல் அன்றி, ஒரே ஒரு குழுவின் பாடல்களை, அக்குழுவினர் வாசித்தபடியே வாசித்து, அவர்களுக்குச் செய்யும் மரியாதையே டிரிப்யூட். நாங்கள் தேர்ந்தெடுத்திருப்பது இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழுவை. 2007 மார்ச் 17 அன்று பெங்களூருக்கு வந்து வாசித்துச் சென்ற குழு அது. அன்று நாங்கள் கைக்குழந்தைகள். 1982-இல் அக்குழுவில் பாடகர் ஒருவர், கிட்டார் இருவர், பேஸ் ஒருவர், டிரம்ஸ் ஒருவர் என ஐவர் இருந்தனர். எங்களிலும் ஐவர். எண்ணிக்கை பொருந்திவிட்டது, மற்றவை பொருந்த வேண்டும்.

பிறர் வாசித்ததை அப்படியே வாசிப்பது கிளிப்பிள்ளைத் தொழில் அல்லவா என்று கேட்பாரும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2001-இல் தொடங்கப்பட்ட ‘தி அயர்ன் மெய்டன்ஸ்’ என்ற குழுவை அவர்களுக்குக் காட்டுவேன். முழுவதும் பெண்கள். ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கலைஞரின் இடத்தில் வாசிப்பவர் ‘ஸ்டெஃப் ஹாரிஸ்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டிக்கொள்கிறார். பெயரில்தான் வேடிக்கை, வாசிப்பில் இல்லை. டிம் ஓவன்ஸ் என்ற அமெரிக்க இளைஞரோ ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடல்களை ஒரு டிரிப்யூட் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். 1996-இல் அந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவுக்கே பாடகரானார். போலச் செய்தல் இழிவு என்றால் குருவின் முன் அமர்ந்து கீர்த்தனை பயிலும் மாணவனும் அந்த இழிவைச் செய்பவன்தான்.

இனிச் செய்திக்கு வருகிறேன். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கப் போகிறவன் நான். இதுவரை நண்பர் ஒருவரின் கருவியை இரவல் வாங்கிப் பழகினேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். குழுவின் கிட்டார் கலைஞர் (என் நெருங்கிய நண்பர்தான்) கடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். கன்னங்கறுப்பு. உடல் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் பிளந்து, முனைகள் ஈட்டிபோல் கூர்ந்திருக்கும். “மேடையில் ஏறினாலே மெட்டல் என்று தெரிய வேண்டுமடா!” என்பது அவர் வாதம். கடைக்காரரும் அதையே எடுத்து எடுத்து நீட்டினார். விலை அதிகமான கருவியை எந்தக் கடைக்காரர்தான் நீட்டமாட்டார்?

நான் மறுக்கிறேன். டிரிப்யூட் குழுவின் பேஸ் கிட்டார், எந்தக் கலைஞரை வணங்குகிறோமோ அவருடைய கை செய்த வேலையைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மெட்டல் என்ற பொதுப் பெயருக்கு ஒரு கருவி என்று கிடையாது. அயர்ன் மெய்டனுக்கு ஒன்று, பிளாக் சாபத்துக்கு ஒன்று, மோட்டார்ஹெட்டுக்கு ஒன்று.

ஸ்டீவ் ஹாரிஸ் 1975 கிறிஸ்துமஸ் நாளில் அயர்ன் மெய்டனைத் தொடங்கியவர். அவர் கையில் இன்றுவரை காணப்படுவது ஈட்டி முனைக் கருவியன்று; ஃபெண்டர் நிறுவனத்தின் ‘பிரிசிஷன் பேஸ்’. உலகில் இதைவிட எளிய வடிவுள்ள பேஸ் கிட்டாரைக் காண்பது அரிது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் இதை 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆளுயர டபுள் பேஸ்தான் அந்த வேலையைச் செய்தது. அதில் மெட்டுகள் கிடையா. விரல் சற்றே பிசகினால் சுருதியும் பிசகும். வீணையில் உள்ளதுபோல் ஃபெண்டரின் கருவியில் மெட்டுகள் இருந்தன. விரல் எங்கு விழுந்தாலும் சுருதி துல்லியம். ‘பிரிசிஷன்’ என்ற பெயர் அதனால் வந்ததே. ஹெவி மெட்டல் பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் பிறந்த கருவி, ஹெவி மெட்டலின் தலைசிறந்த பேஸ் கலைஞர் ஒருவரின் கையில் இருக்கிறது என்றால், தோற்றத்துக்கும் இந்த இசைக்கும் எவ்வளவு தொடர்பு என்பதை நண்பர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஹாரிஸின் வலக்கை மீட்டும் தாளம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. குதிரைப் பாய்ச்சல் என்று அதைக் கூறுவர். ஒரு நீண்ட தட்டு, இரு குறுகிய தட்டு. ‘தா தக, தா தக, தா தக’ என்று நிற்காமல் ஓடும். 1982-இல் வந்த ‘ரன் டு த ஹில்ஸ்’, 1983-இல் வந்த ‘த ட்ரூப்பர்’ ஆகிய பாடல்களைக் கேட்டோர் இதை அறிவர். இதற்கு அவர் பிளாஸ்டிக் வில்லையைப் பயன்படுத்துவதில்லை, வெறும் விரல்கள்தாம்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே சிறிது கணக்குப் போடுகிறேன், பொறுத்தருள்க. நிமிடத்துக்கு 160 அடி என்ற வேகத்தில் இந்தத் தாளம் ஓடினால் நொடிக்கு 8 மீட்டல். அதில் குறுந்தட்டு ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.094 நொடி. பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்க்கம்பியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். ஆக, அந்தக் கம்பியில் ஒரு குறுந்தட்டு வாசித்தால், அடுத்த தட்டு வருவதற்குள் கம்பி நான்கு முறைகூட முழுதாக அதிர்ந்திருக்காது! நான்கு அதிர்வுக்குள் இது இன்ன சுரம் என்று செவி எவ்வாறு அறியும்? அடிப்படை அதிர்வால் அறிவது கடினம். அதற்கு மேலுள்ள இரண்டாம், மூன்றாம், நான்காம் ஒத்திசைகளும், விரல் கம்பியை விட்ட கணத்தில் எழும் ‘டக்’ என்ற ஓசையும்தாம் அதை அறிவிக்கின்றன. ஆகவே “அடித்தால் நெஞ்சு அதிர வேண்டும்” என்று கடையில் கேட்டு வாங்குவோர் அயர்ன் மெய்டனுக்கு ஆகாத கருவியை வாங்கி வருவர். நெஞ்சு அதிரும், குதிரை ஓடாது. தட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து களியாகிவிடும்.

அந்த ஒத்திசைகளை எடுத்துக் கொடுப்பது பிக்-அப் என்னும் காந்தச் சுருள். அதன் இடம் முக்கியம். வீணையின் குதிரையைப் போன்றது கிட்டாரின் பிரிட்ஜ். அதன் அருகே கம்பியின் அசைவு மிகச் சிறிது. அடிப்படை அதிர்வு அங்கே மெலிந்தும், மேல் ஒத்திசைகள் தூக்கலாகவும் ஒலிக்கும். கம்பியின் நடுவை நோக்கி நகர நகர அடிப்படை அதிர்வு ஓங்கும். பிரிசிஷன் பேஸில் பிக்-அப் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் இருக்கிறது. கனமும் உண்டு, தெளிவும் உண்டு.

1957 முதல் அந்தப் பிக்-அப் இரண்டு துண்டுகளாகப் பிரித்து அமைக்கப்படுகிறது. ஒரு துண்டு இரு கம்பிகளுக்கு, மறு துண்டு மற்ற இரு கம்பிகளுக்கு. இரண்டிலும் காந்த முனைகள் எதிரெதிர், சுற்றும் எதிரெதிர். இதன் பயன் என்ன? சுவரில் ஓடும் மின்கம்பி, டியூப் லைட், மின்மாற்றி ஆகியவற்றிலிருந்து வரும் இரைச்சல் இரு துண்டுகளிலும் எதிர்த்திசையில் தோன்றி ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் அழியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பியில் மூன்றாம் மெட்டை அழுத்தினால் வருவது 49 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்துக்குச் சற்றே சுருதி ஏறிய ஒரு முரல் ஒலி அரங்கம் முழுவதும் நின்றுகொண்டே இருந்தால் வாசிப்பவன் நிலை என்னாவது! நம் கல்லூரிக் கலையரங்கின் மின்னிணைப்பைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. ஒலிபெருக்கியைத் திறந்தவுடன் எழும் அந்த ‘ம்ம்ம்’ எல்லோரும் அறிந்ததே.

இதில் இன்னொன்று கவனிக்க வேண்டும். ஹாரிஸ் தம் கருவியில் பூட்டுவது தட்டைச் சுற்றுக் கம்பிகள். ரோட்டோசவுண்ட் நிறுவனம் அவர் பெயரிலேயே அவற்றை விற்கிறது. பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 50, 75, 95, 110. பொதுவாக மெட்டல் வாசிப்போர் உருண்டைச் சுற்றுக் கம்பியையே நாடுவர். அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது, ஒலி கணீரென்று இருக்கும். தட்டைச் சுற்று வழவழப்பானது. ஒலி சற்று அடங்கியது. அப்படியிருக்க, ஹாரிஸின் ஒலியில் அந்தக் கணகணப்பு எங்கிருந்து வருகிறது? கம்பிகளை மெட்டுகளுக்கு மிக நெருக்கமாக வைத்துக்கொண்டு, விரலால் ஓங்கி மீட்டுகிறார். கம்பி மெட்டின்மேல் மோதித் தெறிக்கிறது. அதாவது, அந்த ஒலி பாதிக்குமேல் அவர் கையில் இருக்கிறது. நண்பர் பார்த்து வைத்த கருவியின் விலைக்கும் எளிய கருவியின் விலைக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு சிறு பகுதியே போதும், இந்தக் கம்பிகளை வரவழைத்துவிடலாம். கம்பியை மறந்துவிட்டு மரத்தின் வடிவத்துக்குப் பணம் கொடுப்போரை என்னென்பது!

அதற்காக ஃபெண்டர் என்ற பெயர் பொறித்த அமெரிக்கக் கருவியேதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த விலையில் எங்கள் தெருவில் இருசக்கர வண்டி வாங்குவார்கள். அதே நிறுவனம் ‘ஸ்குவயர்’ என்ற பெயரில் குறைந்த விலையில் இதே அமைப்பைத் தருகிறது; வேறு நிறுவனங்களும் இவ்வமைப்பில் செய்கின்றன. 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ. கம்பி நீளம், அதே இடத்தில் அதே பிளந்த பிக்-அப், நேரான கழுத்து. இவை இருந்தால் போதும்.

கழுத்தைப் பற்றி என் தந்தையிடம் கற்றேன். அவர் தச்சர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறைகளில் அவரோடு சென்று இழைப்புளி பிடித்தும் உப்புத்தாள் தேய்த்தும் சேர்த்த பணமே இந்தக் கிட்டாருக்கான பணம். தவறான கருவியை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. அதனால்தான் இத்தனை கணக்கும். பழைய கருவி ஒன்றைப் பார்க்கச் சென்றபோது அவரையும் அழைத்துச் சென்றேன். “பாட்டு எனக்குத் தெரியாதுப்பா. மரம் தெரியும்” என்று சொல்லிவிட்டு, கிட்டாரை வாங்கி, தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். “இடப்பக்கம் திருகியிருக்கு. வேணாம்” என்றார். விற்பவர் திகைத்துவிட்டார். கழுத்து முன்னோ பின்னோ வளைந்திருந்தால் உள்ளே செல்லும் எஃகுத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டால் அந்தத் தண்டால் ஒன்றும் ஆகாது.

இதை எல்லோரும் செய்து பார்க்கலாம். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய கம்பி நேர்கோடு; தச்சர் நூல் பிடிப்பதும் இதே முறையில்தான். நடுவில் மெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஓர் அழைப்பு அட்டையின் கனம் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால் கம்பி கண்ட இடத்திலெல்லாம் இரையும். பிறகு பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு ஒத்திசையை எழுப்புங்கள். அதே இடத்தில் அழுத்தியும் வாசியுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும்.

‘வி’ வடிவக் கருவியில் இன்னொரு தொல்லை. ஹாரிஸ் ஒலிபெருக்கிமேல் ஒரு காலை வைத்து, கிட்டாரைத் துப்பாக்கிபோல் கூட்டத்தை நோக்கி நீட்டி வாசிப்பார். அந்தத் தோற்றத்துக்கும் ஒரு சமநிலை வேண்டும். பேஸ் கிட்டாரின் கழுத்து நீளமானது. தலையில் நான்கு கனத்த முறுக்காணிகள். உடல் சிறுத்து, வார் மாட்டும் குமிழ் தவறான இடத்தில் அமைந்துவிட்டால் திருப்புவிசை கழுத்தைக் கீழே இழுக்கும். இடக்கை மெட்டுகளில் ஓடுவதை விட்டுக் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். நான் கடையில் மாட்டிப் பார்த்தேன். கையை எடுத்ததும் தலை தரையை நோக்கிச் சாய்ந்தது. நண்பர் இதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்! அமர்ந்து பயிற்சி செய்வதும் அதில் பெரும்பாடு.

தோற்றமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. டிரிப்யூட் நிகழ்ச்சிக்கு வருவோர் கண்ணாலும் காண வருகிறார்கள். ஹாரிஸ் லண்டனின் வெஸ்ட் ஹாம் கால்பந்துக் கழகத்தின் பெரும் பற்றாளர். அக்கழகத்தின் சின்னம் அவர் கிட்டாரில் இருக்கிறது. அந்தச் சின்னத்தை அச்சிட்டு ஒட்டிக்கொள்ள எவ்வளவு ஆகும்? ஒரு தேநீர்ச் செலவு. இதற்கு நான் முதல் ஆளாக ஒப்புக்கொள்வேன்.

என் வாதம் அயர்ன் மெய்டனோடு நின்றுவிடுவதன்று. நாளை எங்கள் குழு பிளாக் சாபத் பாடல்களுக்கு மாறினால் என் கருவியின் அமைப்பும் மாற வேண்டும். அதற்குக் காரணம் ஒரு தொழிற்சாலை விபத்து. பர்மிங்காம் நகரத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த நால்வர் தொடங்கிய குழு அது. அவர்களுள் கிட்டார் வாசித்த டோனி அயோமி தம் 17-ஆம் வயதில், தகடு வேலை செய்யும் ஆலையில், வேலையின் கடைசி நாளன்று, வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் ஆதலால் மெட்டை அழுத்தும் கை அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார். விரல் வலிக்காமல் இருக்கக் கம்பியைத் தளர்த்தினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டின் பல பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிட்டது. பேஸ் வாசித்த கீசர் பட்லரும் உடன் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்த இருண்ட, கனத்த ஒலி ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்தது என்பதை நம் தோழர்கள் பலர் அறியார். ஆலங்கட்டி மழை என்று கேட்ட நண்பருக்கு நான் ஒருநாள் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று அரைச்சுரம் இறக்கினால் 41.2 ஹெர்ட்ஸ் கம்பி 34.6-க்கு வரும். இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதை முதலாண்டிலேயே படித்தோம். ஆக, இழுவிசையில் 29 விழுக்காடு போய்விடுகிறது. கம்பி தொளதொளக்கும். பழைய இழுவிசை வேண்டுமானால் ஆயிரத்தில் 105 பருமனுள்ள கம்பிக்கு மாற்றாக 125 பருமன் போட வேண்டும். ஆனால் சாபத் பாடல்களுக்கு அவ்வாறு முழுவதும் ஈடுகட்டுவது கூடாது என்பது என் கருத்து. அயோமி கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை வளைக்கும்போது பட்லரும் உடன் வளைப்பார். வீணையில் கமகம் போலத்தான். விறைத்த கம்பியில் அது வராது. தொளதொளப்பே அங்கு இலக்கணம்.

மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி கில்மிஸ்டரோ வேறொரு வகை. முதலில் கிட்டார் வாசித்துவிட்டு பேஸுக்கு வந்தவர். ரிக்கன்பேக்கர் கருவியில், வில்லையால் ஓங்கி அடித்து, பல கம்பிகளை ஒருசேர ஒலிக்கச் செய்வார். 1980-இல் வந்த ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ பாடலின் தொடக்கத்தில் கேட்பது கிட்டார் அன்று, அவருடைய பேஸ்! அங்கே பிரிசிஷனின் கனம் தடையாகவே இருக்கும். பிரிட்ஜ் அருகே ஒரு பிக்-அப்பும், உறுமும் ஆம்ப்ளிஃபயரும் வேண்டும். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனும் 1983-இல் வந்த முதல் இசைத்தட்டில் ரிக்கன்பேக்கரே வாசித்தார். ஆனால் விரலால். ஒரே கருவி, இரு கைகள், இரு வேறு ஒலிகள். பர்ட்டன் 1986-இல் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 24.

அவருக்குப் பின் ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988-இல் வெளிவந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இசைத்தட்டில் பேஸ் ஒலி ஏறக்குறையக் கேட்பதே இல்லை. ஒலிக்கலவையில் அவ்வளவு தாழ்த்திவிட்டார்கள். அந்தப் பாடல்களுக்கு டிரிப்யூட் செய்வோர் எந்தக் கருவியை வாங்குவது? வாங்காமலே நிற்கலாம் என்று எங்கள் டிரம்ஸ் நண்பர் சொல்லிச் சிரித்தார். நான் சொல்வேன்: இசைத்தட்டை மூடிவிட்டு அவர்கள் மேடையில் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். அங்கே நியூஸ்டெட் வில்லையால் கிட்டாரோடு ஒட்டி ஓடுவது தெளிவாகக் கேட்கும்.

ஐந்து கம்பிக் கருவி வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்று ஒரு யோசனை வந்தது. ஐந்தாம் கம்பி 30.9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அவ்வளவு தாழ்ந்த சுருதியில் எழுதப்பட்ட பிற்காலப் பாடல்களுக்கு அது தேவை. அயர்ன் மெய்டனுக்கு ஒரு சுரத்துக்கும் தேவையில்லை. அகன்ற கழுத்தும், வாசிக்காத வேளையில் தானாக அதிரும் ஒரு கம்பியும்தான் மிச்சம். தவிர, நம் விழாக்களுக்கு வரும் ஒலிபெருக்கிகள் 41 ஹெர்ட்ஸையே ஒழுங்காகத் தருவதில்லை. 31-ஐ யார் கேட்கப் போகிறார்கள்?

கடைக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவியை நின்றுகொண்டு, வார் மாட்டி வாசித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் உறுமல் ஒலிக்கான குமிழ்களையெல்லாம் அணைத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட குழுவின் கடினமான பாடலில் கடினமான பகுதியை மூன்று நிமிடம் நிறுத்தாமல் வாசியுங்கள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா என்று பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. பாடகரும் டிரம்ஸ் நண்பரும் என் பக்கம். கிட்டார் இருவரும் ‘வி’ வடிவத்தின் பக்கம். பணம் என்னுடையது ஆதலால் வாக்கெடுப்பு தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன்; குழு என்று வந்துவிட்டால் அப்படிச் சொல்லக்கூடாதாம். என் கிட்டார் நண்பர் இம்மலரின் அடுத்த இதழில் மறுப்புரை எழுதுவதாகக் கூறியிருக்கிறார். அதற்குள் நான் கம்பிகளை வாங்கிவிடுவேன்.